பரிணாம மரம் வரைய எந்த மென்பொருள்? மெகா, ஐக்யூ-ட்ரீ, ராக்ஸ்எம்எல்-என்ஜி, பீஸ்ட்: ஓர் ஒப்பீடு

கையில் ஐம்பது டி.என்.ஏ. வரிசைகள் இருக்கின்றன, எது எதற்கு நெருங்கிய உறவு என்று தெரிய வேண்டும். இதற்கு இன்று இலவசமாகவே பல மென்பொருள்கள் கிடைக்கின்றன. எதில் கோப்பைக் கொடுத்தாலும் ஒரு மரம் வெளியே வந்துவிடும். சிக்கலும் அதுதான். தப்பான மரமும் பார்வைக்குச் சரியான மரத்தைப் போலவே இருக்கும்: கிளைகள் ஒழுங்காக இருக்கும், கணுக்களில் 99, 100 என்று எண்களும் இருக்கும். அதனால் இங்கே வேகத்தையும் வசதியையும் மட்டும் ஒப்பிடாமல், எந்த மென்பொருள் எந்தத் தவறைச் சத்தமில்லாமல் விட்டுவிடும் என்பதையும் சேர்த்தே பார்க்கிறோம்.

முதலில் ஒரு கணக்கு. பத்து வரிசைகளை வேரில்லாத மரமாக இணைக்க 20,27,025 வழிகள் உண்டு. இருபது வரிசைகள் என்றால் அந்த எண்ணிக்கை 2-க்குப் பின் 20 பூச்சியங்களைத் தாண்டிவிடும். ஐம்பதுக்கு எல்லா மரங்களையும் சோதித்துப் பார்ப்பது எந்தக் கணினிக்கும் ஆகாத காரியம். எனவே ஒவ்வொரு மென்பொருளும் ஏதோ ஒரு குறுக்குவழியில் போகிறது. அவற்றுக்கிடையே உள்ள உண்மையான வேறுபாடு அந்தக் குறுக்குவழிதான்.

நெய்பர்-ஜாய்னிங் முறை, வரிசைகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டுத் தொலைவு அட்டவணை ஒன்றைப் போட்டு, அதிலிருந்து ஒரே ஒரு மரத்தைக் கட்டித் தருகிறது. தேடல் எதுவும் இல்லை. மீப்பெரு நிகழ்தகவு முறை, அதாவது மாக்சிமம் லைக்லிஹுட், 'இந்த மரமும் இந்த மாடலும் (எழுத்துகள் மாறும் விதம் பற்றிய கணித அனுமானம்) உண்மையானால் இந்தத் தரவு கிடைக்க எவ்வளவு வாய்ப்பு' என்று கணக்கிட்டு, அந்த மதிப்பு உயர உயர மரத்தை மாற்றிக்கொண்டே போகிறது. பேய்ஸ் முறை ஒரே மரத்தைத் தேடுவதில்லை. நம்பத்தக்க மரங்களின் தொகுப்பிலிருந்து ஆயிரக்கணக்கில் மாதிரி எடுக்கிறது. நான்காவதாக, மிகக் குறைந்த மாற்றங்களைக் கொண்ட மரத்தைத் தேடும் பார்சிமனி. பழையது என்று ஒதுக்கப்பட்ட இந்த முறை எங்கே திரும்பி வந்தது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

இயல்பு அமைப்பின் செல்வாக்கு

இந்தத் துறையில் ஒரு மென்பொருளின் முன்னிருப்பு அமைப்பு எதுவோ, அதுவே ஆயிரக்கணக்கான ஆய்வுக்கட்டுரைகளின் முறையாகிவிடும். பரிணாம உயிரியலாளர் ஜோ ஃபெல்சன்ஸ்டைன் 1980-இல் ஃபிலிப் என்ற மரம் வரையும் மென்பொருள் தொகுப்பை இலவசமாக வெளியிட்டார். மீப்பெரு நிகழ்தகவைக் கணினியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த கணக்கு முறையை 1981-இலும், கணுக்களுக்கு நம்பகத்தன்மை எண் தரும் பூட்ஸ்ட்ராப்பை 1985-இலும் எழுதியவரும் அவரே. 1987-இல் சைட்டோவும் மசதோஷி நெய்யும் நெய்பர்-ஜாய்னிங்கைக் கொடுத்தார்கள். 1993-இல் சுதிர் குமார், கொய்ச்சிரோ தமுரா, நெய் மூவரும் மெகாவை வெளியிட்டார்கள். கட்டளைகள் தெரியாத உயிரியலாளர் மெனுவைச் சொடுக்கி மரம் வரையும் வசதி மெகாவால் பரவியது. அதோடு நெய்பர்-ஜாய்னிங்கும் பரவியது. 2014-இல் நேச்சர் இதழ், எல்லா அறிவியல் துறைகளையும் சேர்த்து அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட 100 கட்டுரைகளைப் பட்டியலிட்டபோது, நெய்பர்-ஜாய்னிங் 20-ஆவது இடத்திலும் பூட்ஸ்ட்ராப் 41-ஆவது இடத்திலும் இருந்தன. மரம் வரையும் கருவிகளின் வீச்சுக்கு இந்த ஓர் உதாரணம் போதும்.

ஃபிலிப்பின் இன்னொரு மிச்சமும் நம்மிடம் உண்டு. அதன் கோப்பு வடிவத்தில் வரிசையின் பெயருக்குப் பத்து எழுத்துகள்தான் இடம். இன்றைய மென்பொருள்கள் நீண்ட பெயர்களை ஏற்றுக்கொண்டாலும், பழைய கண்டிப்பான வடிவத்துக்கு மாற்றும் ஏதேனும் ஒரு நிரல் இடையில் புகுந்தால் பெயர்கள் பத்தாம் எழுத்தில் வெட்டுப்படும். இரண்டு வரிசைகள் ஒரே பெயரில் நிற்கும். பெயர்களில் இடைவெளி, அடைப்புக்குறி, காற்புள்ளி, முக்காற்புள்ளி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரத்தை எழுதும் நியூவிக் வடிவத்தில் இந்தக் குறிகளுக்கெல்லாம் தனிப் பொருள் உண்டு.

மென்பொருளுக்கு முன்னால்: அலைன்மென்ட்

அலைன்மென்ட் என்பது, ஒத்த இடங்கள் ஒரே நெடுவரிசையில் வரும்படி வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது. எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும் அலைன்மென்ட் தவறினால் மரமும் தவறும். இரண்டு நல்ல மென்பொருள்கள் தரும் மரங்களுக்கு இடையிலான வேறுபாட்டைவிட, ஒரே மென்பொருளுக்கு இரண்டு அலைன்மென்ட் கொடுத்தால் வரும் வேறுபாடு பெரிதாக இருப்பது சாதாரணம்.

அலைன்மென்ட் செய்ய மாஃப்ட் அல்லது மஸல் என்ற மென்பொருள் போதும். இருநூறு வரிசைகளுக்குள் என்றால் மாஃப்டின் துல்லியமான, மெதுவான முறைகளைப் பயன்படுத்தலாம். ஆயிரங்களில் போனால் தானியங்கித் தேர்வுக்கு விட்டுவிடலாம். அடிக்கடி நடக்கும் விபத்து, ஏதோ ஒரு வரிசை எதிர்த்திசையில், நிரப்பு இழையாக இருப்பது. அலைன்மென்ட் மென்பொருள் குறை சொல்லாமல் அதையும் இடைவெளிகளால் நிரப்பி அடுக்கிவிடும். மரத்தில் அது மட்டும் மிக நீண்ட கிளையாகத் தனியே நிற்கும். 'புதிய இனம்' என்று மகிழ்வதற்கு முன் திசையைச் சரிபாருங்கள். திசையைத் தானே திருத்தும் விருப்பம் மாஃப்டில் இருக்கிறது, ஆனால் நாம் கேட்டால்தான் செய்யும்.

புரதத்துக்குக் குறியீடு தரும் மரபணு என்றால், முதலில் அமினோ அமிலமாக மாற்றி அடுக்கி, பிறகு கோடான்களாக (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொகுதிகளாக) திருப்புவது நல்லது. நடுவில் நிறுத்தக் கோடான் வந்தால் வாசிப்புச் சட்டம் நழுவியிருக்கிறது, அல்லது நீங்கள் வைத்திருப்பது போலி மரபணு. இரு முனைகளிலும் சில வரிசைகள் மட்டுமே எட்டும் பகுதியை வெட்டிவிடலாம். அதற்கு மேல் தானியங்கி வடிகட்டிகளைக் கொண்டு கண்டிப்பாகச் செதுக்க வேண்டாம். சந்தேகமான நெடுவரிசைகளோடு சேர்ந்து தகவலும் போய்விடும். சில வேளைகளில் மரம் முன்பிருந்ததைவிட மோசமாகும்.

மெகா

அலைன்மென்டைக் கண்ணால் பார்க்க, நிறுத்தக் கோடான்களைத் தேட, குழுக்களுக்கு இடையே தொலைவு கணக்கிட, மாடல்களை ஒப்பிட, மரத்தைத் திருப்பிப் பார்க்க என எல்லாமே ஒரே சாளரத்தில் கிடைக்கின்றன. கற்றுக்கொள்பவருக்கும், நூறு வரிசைகளுக்குள் ஒரே மரபணுவை வைத்திருப்பவருக்கும் இதைவிட வசதியான தொடக்கம் இல்லை. 2018-இல் வந்த பத்தாம் பதிப்பான மெகா எக்ஸ் முதல் லினக்ஸ், மேக், விண்டோஸ் எல்லாவற்றிலும் ஓடுகிறது. 2024-இன் 12-ஆம் பதிப்பு, மீப்பெரு நிகழ்தகவு மரத்துக்குப் போதிய துல்லியம் வந்ததும் பூட்ஸ்ட்ராப் சுற்றுகளைத் தானே நிறுத்திக்கொள்ளும். நேரம் கணிசமாக மிச்சமாகிறது.

ஆனால் மெகாவின் அமைப்புச் சாளரத்தில் மூன்று வரிகளைப் படிக்காமல் 'சரி' என்று அழுத்தக் கூடாது. முதலாவது, விடுபட்ட தரவை என்ன செய்வது என்ற வரி. அங்கே முழு நீக்கம் என்றிருந்தால், எந்த ஒரு வரிசையிலாவது இடைவெளி உள்ள நெடுவரிசை முழுவதும் தூக்கி எறியப்படும். 1,400 எழுத்து நீளமுள்ள 16எஸ் மரபணு (பாக்டீரியாக்களை இனங்காணப் பயன்படுவது) வரிசைகள் தொண்ணூற்றொன்பதோடு, 400 எழுத்து மட்டும் உள்ள ஒரு துண்டைச் சேர்த்தால் மரம் அந்த 400 எழுத்துகளில் இருந்துதான் வரையப்படும். எச்சரிக்கை எதுவும் வராது. முடிவுக் குறிப்பில் 'இறுதித் தரவில் இத்தனை இடங்கள்' என்று ஒரு வரி இருக்கும். அதைப் படிக்கும் பழக்கம் வேண்டும். பகுதி நீக்கம் என்று வைத்து, எத்தனை விழுக்காடு வரிசைகளிலாவது தரவு இருக்க வேண்டும் என்ற வரம்பைத் தருவது நடுவழி.

இரண்டாவது, பூட்ஸ்ட்ராப் வரி. அது 'இல்லை' என்றிருந்தால் எண்களே வராது. 500 அல்லது 1000 என்று வையுங்கள். மூன்றாவது, மரத் தேடல். மெகாவின் இயல்பான மீப்பெரு நிகழ்தகவுத் தேடல், அடுத்தடுத்த கிளைகளை மட்டும் இடம்மாற்றிப் பார்க்கும் எளிய வகை. உறவுகள் தெளிவாக உள்ள சிறிய தரவுக்கு அது போதும். பெரிய தரவில் சிறு குன்றின் உச்சியையே மலை உச்சி என்று நினைத்து நின்றுவிடும்.

மரம் வந்த பிறகும் ஒரு குழி இருக்கிறது. மெகா இரண்டு தாவல்களைக் காட்டும்: மூல மரம், பூட்ஸ்ட்ராப் ஒருமித்த மரம். ஒருமித்த மரத்தில் கிளை நீளத்துக்குப் பொருள் இல்லை. எல்லா நுனிகளும் ஒரே கோட்டில் நிற்கும். அது பார்க்க அழகாக இருப்பதால் அதையே கட்டுரையில் போட்டுவிட்டு, 'இந்த இரண்டும் அண்மையில் பிரிந்தவை' என்று எழுதுபவர்கள் உண்டு. நீளத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் மூல மரத்தையே எடுங்கள்.

நெய்பர்-ஜாய்னிங்கை எப்போது பயன்படுத்தலாம்? நெருங்கிய உறவுள்ள வரிசைகள், வேகமாக ஒரு பார்வை, மாதிரிகள் கலந்துவிட்டனவா என்ற சோதனை. இவற்றுக்கு அது நன்றாகவே உதவும். தொலைவான உறவுகளிலும், சில கிளைகள் மட்டும் வேகமாக மாறியிருக்கும் இடங்களிலும் அதை நம்ப வேண்டாம். வேகமாக மாறிய இரண்டு கிளைகள், உறவே இல்லாவிட்டாலும், தற்செயலாக ஒரே எழுத்துகளைப் பெற்று ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். பார்சிமனி இந்த நீள்கிளை ஈர்ப்பில் எப்படிச் சிக்கும் என்று ஃபெல்சன்ஸ்டைன் 1978-இலேயே காட்டினார். தரவு கூடக் கூடத் தவறான மரத்தின் மீது உறுதி அதிகமாகும் என்பதுதான் அதன் கொடுமை. தொலைவு முறையும், பொருந்தாத மாடலை வைத்த மீப்பெரு நிகழ்தகவும் இதிலிருந்து முழுவதும் தப்புவதில்லை.

ஐக்யூ-ட்ரீ

ஒரே ஒரு மென்பொருளைக் கற்க நேரம் இருக்கிறது என்பவருக்கு எங்கள் பரிந்துரை இதுதான். 2015-இல் முதல் கட்டுரை, 2020-இல் இரண்டாம் பதிப்பு. மாடலைத் தேடுவது, மரத்தைத் தேடுவது, நம்பகத்தன்மை எண் தருவது மூன்றும் ஒரே கட்டளையில் முடிகின்றன. கட்டளை வரி என்றதும் தயங்க வேண்டியதில்லை. கொடுக்க வேண்டியவை நான்கைந்து சொற்கள்தான்: அலைன்மென்ட் கோப்பின் பெயர், மாடலைத் தானே தேர்ந்தெடுக்க 'எம்எஃப்பி', விரைவு பூட்ஸ்ட்ராப்புக்கு 1000, எஸ்ஹெச்-ஏஎல்ஆர்டி என்ற இன்னொரு கிளை நம்பகத்தன்மைச் சோதனைக்கு 1000, கணினியின் எத்தனை உள்ளகம் (கோர்) பயன்படுத்துவது என்பதற்குத் தானியங்கி.

இங்கே ஒரே எழுத்தில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டாம் பதிப்பில் விரைவு பூட்ஸ்ட்ராப்புக்கான கொடி (கட்டளையில் சேர்க்கும் விருப்பக் குறி) பெரிய எழுத்து 'பி'. சிறிய எழுத்து 'பி' போட்டால் வழக்கமான பூட்ஸ்ட்ராப் தொடங்கும். ஆயிரம் முறை முழு மரத் தேடல் நடக்கும். பத்து நிமிடத்தில் முடிய வேண்டியது இரண்டு நாள் ஓடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

எண்களை வாசிப்பதில் வரும் குழப்பம் இதைவிடப் பெரியது. வழக்கமான பூட்ஸ்ட்ராப்பில் 70-ஐத் தாண்டினால் ஓரளவு நம்பலாம் என்பது நெடுநாள் வழக்கம். விரைவு பூட்ஸ்ட்ராப்பின் எண்கள் வேறு அளவுகோலில் வருபவை. அங்கே 95-க்குக் கீழ் இருப்பதை உறுதியான குழு என்று சொல்லக் கூடாது. எஸ்ஹெச்-ஏஎல்ஆர்டி-க்கு வரம்பு 80. கணுவில் '85.2/97' என்று இருந்தால் முதல் எண் எஸ்ஹெச்-ஏஎல்ஆர்டி, இரண்டாவது விரைவு பூட்ஸ்ட்ராப். இரண்டும் வரம்பைத் தாண்டுவதால் நம்பலாம். '62/78' என்ற கணுவைக் காட்டி 'நல்ல ஆதரவு' என்று எழுதினால் விமர்சகர் திருப்பி அனுப்புவார், அனுப்ப வேண்டும்.

தொடக்கத்தில் திரையில் ஓடும் வரிகளில் மூன்று செய்திகளைத் தேடுங்கள். எந்த வரிசைகளில் பாதிக்கு மேல் இடைவெளி என்பது ஒன்று. எந்த வரிசைகள் எழுத்துக்கெழுத்து ஒரே மாதிரி என்பது இன்னொன்று. மூன்றாவது, நான்கு எழுத்துகளின் விகிதச் சோதனையில் எவை தோற்றன என்பது. தோற்றவை எல்லாம் மரத்தில் ஒரே குழுவாக நின்றால், அவற்றைச் சேர்த்தது உறவா, அல்லது ஜி, சி எழுத்துகளின் மிகுதியா என்று யோசிக்க வேண்டும். வழக்கமான மாடல்கள் எல்லாக் கிளைகளிலும் எழுத்து விகிதம் ஒன்றே என்று வைத்துக்கொள்வதால் இந்தத் தவறைத் தாமே கண்டுபிடிக்காது.

மாறும் இடங்களை மட்டும் பொறுக்கி எடுத்த எஸ்என்பி கோப்பைக் கொடுப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மாறாத இடங்கள் தரவில் இல்லாததால், மாற்றம் மிக வேகமாக நடந்ததாக மாடல் எண்ணி, கிளை நீளங்களை ஊதிப் பெருக்கிவிடும். மாடலின் பெயரோடு 'ஏஎஸ்சி' என்ற திருத்தத்தைச் சேர்த்தால் சரியாகும். கோப்பில் மாறாத இடம் ஒன்றாவது ஒட்டிக்கொண்டிருந்தால் ஐக்யூ-ட்ரீ பிழை காட்டி நிற்கும். தெளிவற்ற எழுத்துகள் உள்ள இடங்களும் இதில் மாட்டும். நின்றுபோவது நல்லதற்குத்தான்.

ராக்ஸ்எம்எல்-என்ஜி, ஃபாஸ்ட்ட்ரீ

அலெக்சாண்ட்ரோஸ் ஸ்டமடாகிஸின் ராக்ஸ்எம்எல், 2006 முதல் பெரிய தரவுகளின் குதிரையாக இருந்தது. அதன் மறு ஆக்கம் 2019-இல் வந்த ராக்ஸ்எம்எல்-என்ஜி. நூற்றுக்கணக்கான மரபணுக்களை இணைத்து, கணினித் தொகுதியில் ஓட்டுபவருக்கு இது உறுதியான தேர்வு. இயல்பாகவே இருபது வெவ்வேறு தொடக்க மரங்களிலிருந்து, பத்து குருட்டாம்போக்கில், பத்து பார்சிமனியில், தேடுகிறது. இருபதும் ஒரே மரத்தில் முடிந்தால் தரவில் தெளிவான செய்தி இருக்கிறது. இருபதும் இருபது மரங்களைத் தந்து, மதிப்புகள் மட்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், மென்பொருளை மாற்றிப் பயனில்லை, தரவு போதவில்லை. ஆயிரக்கணக்கான கொரோனா வரிசைகளை இப்படித் தேடியவர்கள் கண்டது இந்த இரண்டாம் நிலையைத்தான்.

மாடலை இது தானே தேர்ந்து தருவதில்லை. மாடல்டெஸ்ட்-என்ஜி போன்ற துணைக்கருவி வேண்டும். உள்ளகங்களை அள்ளிக் கொடுப்பதும் தவறு. வேறுபட்ட நெடுவரிசைகள் ஆயிரம்தான் இருக்கின்றன என்றால் இரண்டு உள்ளகங்களே போதும். 32 கொடுத்தால் அவை ஒன்றுக்கொன்று காத்திருந்தே நேரம் போகும். முழு ஓட்டத்துக்கு முன் சரிபார்ப்பு முறையில் ஒருமுறை ஓட்டினால், இரட்டைப் பெயர்கள், வெற்று நெடுவரிசைகள் எல்லாம் சில நொடிகளில் தெரியும்.

ஐக்யூ-ட்ரீ தரும் மதிப்பையும் ராக்ஸ்எம்எல்-என்ஜி தரும் மதிப்பையும் அருகருகே வைத்து 'இது உயர்ந்தது' என்பவர்கள், இரண்டிலும் அலைன்மென்டும் மாடலும் ஒன்றே என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும். வேறு மாடலில் வந்த லாக்-லைக்லிஹுட் எண்கள் இரண்டை வைத்து எந்த மரம் நல்லது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டு மரங்களுக்கு இடையே தேர்வு வேண்டுமானால் ஏயூ சோதனை இருக்கிறது, ஐக்யூ-ட்ரீயிலேயே செய்யலாம்.

ஃபாஸ்ட்ட்ரீ வரைவுக்கு மட்டும். பத்தாயிரம் வரிசைகளை மேசைக் கணினியில் முடித்துவிடும். கொடியில் 'நியூக்ளியோடைடு' என்று சொல்ல மறந்தால் ஏ, சி, ஜி, டி நான்கையும் அமினோ அமிலங்களாகப் படித்துக்கொண்டு மரம் தரும். நான்குமே அமினோ அமிலங்களின் எழுத்துகளாகவும் இருப்பதால் வந்த வினை. ஒவ்வொரு வகை மாற்றத்துக்கும் தனி வேகம் தரும் ஜிடிஆர் மாடலையும் கேட்டால்தான் தரும். கேட்காவிட்டால் எல்லா மாற்றங்களும் சம வேகம் என்று கொள்ளும் எளிய மாடலே ஓடும். அதன் கணுக்களில் வரும் எண்ணும் பூட்ஸ்ட்ராப் அல்ல.

எப்போது பிரிந்தன என்ற கேள்வி: பீஸ்ட்

இதுவரை சொன்னவை எல்லாம் உறவைச் சொல்லும். கிளை நீளம் ஓர் இடத்துக்கு எத்தனை மாற்றங்கள் என்ற அலகில் இருக்கும். ஆண்டுக் கணக்கு வேண்டுமானால், மாற்றங்கள் சேரும் வேகத்தைக் காலத்தோடு இணைக்கும் கடிகார மாடல் வேண்டும். டிரம்மண்டும் ரம்போவும் 2007-இல் விவரித்த பீஸ்ட் அதற்காகவே எழுதப்பட்டது. பீஸ்ட் 2 கட்டுரை 2014-இல் வந்தது.

இதன் செல்வாக்கைக் காட்ட எச்ஐவி-யின் கதை நல்ல உதாரணம். கின்ஷாசாவில் 1959, 1960 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட மாதிரிகளின் வரிசைகளையும் சேர்த்து, எச்ஐவி-1 எம் குழுவின் பொது மூதாதை 1908 வாக்கில், 1884-க்கும் 1924-க்கும் இடையில் இருந்திருக்கும் என்று 2008-இல் கணித்தார்கள். நோய் கண்டறியப்பட்டதோ 1981-இல். இதில் கவனிக்க வேண்டியது நடு எண்ணைவிட அந்த நாற்பதாண்டு இடைவெளி. பீஸ்ட் தரும் விடை எப்போதும் ஒரு வரம்புதான். வரம்பை விட்டுவிட்டு ஒற்றை ஆண்டை மட்டும் எழுதினால் பாதி விடையை மறைத்ததாகும்.

நீதிமன்ற வாசல் வரையும் இது போயிருக்கிறது. லிபியாவின் பெங்காசியில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு எச்ஐவி பரப்பியதாக வெளிநாட்டு மருத்துவப் பணியாளர்கள் அறுவர் மீது வழக்கு நடந்தது. அவர்கள் அங்கே வந்தது 1998 மார்ச்சில். அந்தக் குழந்தைகளிடமிருந்து எடுத்த வைரஸ் வரிசைகளை ஆராய்ந்து, தொற்று அதற்கு முன்பே அங்கே பரவத் தொடங்கியிருந்தது என்று 2006 டிசம்பரில் நேச்சரில் கட்டுரை வெளியானது. ஆனாலும் அதே மாதம் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2007 ஜூலையில்தான் அவர்கள் விடுதலையாகி வெளியேறினார்கள். அந்தக் கட்டுரையில் ஒரே மாடலை நம்பாமல் பல கடிகார, மக்கள்தொகை மாடல்களில் ஓட்டி முடிவு மாறுகிறதா என்று பார்த்தார்கள். பீஸ்டைப் பயன்படுத்துவோர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம் இது.

தொடங்கும் முன் டெம்பெஸ்ட் என்ற கருவியில் ஒரு சோதனை. மீப்பெரு நிகழ்தகவு மரத்தைக் கொடுத்து, வேரிலிருந்து ஒவ்வொரு நுனிக்கும் உள்ள தொலைவை மாதிரி எடுத்த தேதிக்கு எதிரே புள்ளிகளாகப் பாருங்கள். புள்ளிகள் மேல்நோக்கிச் சாய்ந்தால் தரவில் காலச் செய்தி இருக்கிறது. சாய்வே இல்லாவிட்டால் பீஸ்ட் அப்போதும் ஒரு தேதி தரும். ஆனால் அது, தரவைப் பார்க்கும் முன்பே நீங்கள் கொடுத்த முன்னனுமானத்தின் எதிரொலியாகவே இருக்கும். கோட்டிலிருந்து வெகுதூரம் விலகிய ஒற்றைப் புள்ளி பெரும்பாலும் தேதி தவறாகப் பதிவான மாதிரி, அல்லது கலப்படம்.

அமைப்பில் நடக்கும் பிழைகளில் முதலிடம் தேதிக்குத்தான். தேதிகள் 'கடந்த ஒரு காலத்திலிருந்து' கூடுகின்றனவா, 'இன்றிலிருந்து பின்னோக்கி' எண்ணப்படுகின்றனவா என்ற தேர்வைத் தலைகீழாக வைத்தால் பழைய மாதிரி புதியதாகிவிடும். அலகு ஆண்டு என்றிருக்கும்போது நாள் கணக்கில் மாற்ற வேகத்தைக் கொடுத்தால் விடை 365 மடங்கு தவறும். மரங்களை மாதிரி எடுக்கும் படிகளின் தொடரே சங்கிலி. அதன் நீளம் இயல்பாக 1 கோடி படிகள். முடிந்ததும் ட்ரேசர் என்ற துணைக்கருவியில் திறந்து, ஒவ்வொரு அளவுருவுக்கும் பயனுள்ள மாதிரி எண்ணிக்கை (ஒன்றையொன்று சாராத மாதிரிகளின் எண்ணிக்கை) 200-ஐத் தாண்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாண்டாவிட்டால் சங்கிலியை நீட்ட வேண்டும். ஒரே சங்கிலி போதாது. வேறு விதை எண்ணோடு (தற்செயல் தேர்வுகளைத் தொடங்கிவைக்கும் எண்) இன்னொன்றை ஓட்டி, இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். கூடவே தரவில்லாமல் முன்னனுமானத்தை மட்டும் ஓட்டுங்கள். அந்த விடையும் தரவோடு வந்த விடையும் ஒன்றாகவே இருந்தால், உங்கள் வரிசைகள் எதையும் சொல்லவில்லை.

இதெல்லாம் நாள் கணக்கில் ஆகும். சில ஆயிரம் வைரஸ் மரபணுத் தொகுதிகளுக்குத் தோராயமான தேதிகள் போதும் என்றால் ட்ரீடைம் நிமிடங்களில் முடிக்கும். ஐக்யூ-ட்ரீ மரத்தையே உள்ளீடாக ஏற்கும். மரத்தின் அமைப்பில் உள்ள ஐயத்தை அது கணக்கில் கொள்வதில்லை, விலை அதுதான்.

தேதி வேண்டாம், பேய்ஸ் நிகழ்தகவு மட்டும் வேண்டும் என்பவருக்கு மிஸ்டர்பேய்ஸ் உண்டு. இரண்டு தனி ஓட்டங்களை இயல்பாகவே நடத்தி, அவற்றின் வேறுபாட்டை ஒரே எண்ணாகக் காட்டும், அது 0.01-க்குக் கீழே இறங்கும் வரை நிறுத்த வேண்டாம். அதன் 1.00 என்ற நிகழ்தகவைப் பூட்ஸ்ட்ராப்பின் 100-க்குச் சமமாக நினைக்கவும் வேண்டாம். மாடல் சற்றே பொருந்தாதபோதும் அது தாராளமாக 1.00 தரும்.

மரத்துக்கு அப்பால், தொற்றின் நடுவே

இயற்கைத் தேர்வின் தடயம் வேண்டுமென்றால் கேள்வியே வேறு. அதற்கான மென்பொருள்கள் சீஹெங் யாங்கின் பாமல், அல்லது ஹைஃபை. இரண்டுக்கும் கோடான் அலைன்மென்ட் அவசியம். மறுசேர்க்கை (வெவ்வேறு வரிசைகளின் துண்டுகள் ஒன்றாகக் கலப்பது) நடந்த வரிசைகளுக்கு ஒரே மரத்தைத் திணித்தால் பொய்யான தேர்வுத் தடயங்கள் முளைக்கும். அதை முதலில் சோதிக்க வேண்டும். பாமலை வெவ்வேறு தொடக்க மதிப்புகளில் மூன்று முறையாவது ஓட்டி, ஒரே மதிப்பில் வந்து நிற்கிறதா என்று பாருங்கள்.

கொரோனா தொற்று இந்தக் கருவிகளை எல்லாம் திணறவைத்தது. 29,903 எழுத்துகள் கொண்ட மரபணுத் தொகுதி. மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு மாற்றங்கள். ஆனால் மாதிரிகள் லட்சக்கணக்கில். ஒவ்வொரு நாளும் மரத்தை அடியிலிருந்து கட்ட முடியாது. 2021-இல் வந்த அஷர் என்ற மென்பொருள், இருக்கும் மரத்தில் புதிய வரிசையை மட்டும் பார்சிமனியால் பொருத்தியது. கிளைகள் இவ்வளவு குட்டையாக இருக்கும்போது ஒரே இடம் இருமுறை மாறுவது அரிது. எனவே ஃபெல்சன்ஸ்டைன் எச்சரித்த ஆபத்து இங்கே பெரிதாக இல்லை. இதே முறையைப் பல கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்த புரதங்களுக்குப் பயன்படுத்தினால் கதை வேறு.

எதை எடுப்பது

ஒரே மரபணு, நூறு வரிசைகளுக்குள், முதல் முயற்சி: மெகாவில் அலைன்மென்டைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்து, அதே கோப்பை ஐக்யூ-ட்ரீக்குக் கொடுங்கள். மெகாவிலேயே முடிக்க வேண்டியிருந்தால் மாடல் தேர்வை ஓட்டி, மீப்பெரு நிகழ்தகவு மரத்தை எடுங்கள். நெய்பர்-ஜாய்னிங் மரத்தைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கான மரபணுக்கள், கணினித் தொகுதி வசதி உண்டு: ராக்ஸ்எம்எல்-என்ஜி, அல்லது பகுதிவாரி மாடலோடு ஐக்யூ-ட்ரீ, இரண்டில் எது கைக்குப் பழகியதோ அது. பத்தாயிரம் வரிசைகளில் எவை வேண்டாதவை என்று களையெடுக்க ஃபாஸ்ட்ட்ரீ. களையெடுத்த பின் மீதிக்கு ஐக்யூ-ட்ரீ. தேதி கேட்டால் டெம்பெஸ்ட் சோதனையைத் தாண்டிய பிறகே பீஸ்ட்.

வேர் எங்கே என்பதை இவற்றில் பெரும்பாலானவை சொல்வதில்லை. வழக்கமான மாடல்களில் காலம் முன்னோக்கிப் போனாலும் பின்னோக்கிப் போனாலும் கணக்கு ஒன்றே. ஆகவே மெகாவும் ஐக்யூ-ட்ரீயும் ராக்ஸ்எம்எல்-என்ஜியும் தருவது வேரில்லாத மரம். திரையில் வேர் இருப்பதுபோலத் தெரிவது வரைபடத்தின் வசதிக்காக. நெருங்கிய, ஆனால் நிச்சயமாக வெளியே நிற்கும் புறக்குழு வரிசைகள் இரண்டு மூன்றைச் சேருங்கள். புறக்குழு மிகத் தொலைவில் இருந்தால், அது உள்ளே இருக்கும் மிக நீண்ட கிளையில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டினால், புறக்குழுவை நீக்கி மறுபடி ஓட்டி, உள் அமைப்பு மாறுகிறதா என்று பாருங்கள்.

கட்டுரையில் எழுத வேண்டியவை: மென்பொருளின் பதிப்பு எண், மாடலின் முழுப்பெயர், இறுதி அலைன்மென்டில் உள்ள இடங்களின் எண்ணிக்கை, எந்த வகைப் பூட்ஸ்ட்ராப், எத்தனை சுற்று, விதை எண். ஐக்யூ-ட்ரீ இவற்றையெல்லாம் பதிவுக் கோப்பில் தானே எழுதிவைக்கிறது. மெகாவில் மரத்தின் கீழே வரும் தலைப்புக் குறிப்பில் பெரும்பகுதி கிடைக்கும். அலைன்மென்ட் கோப்பையும் நியூவிக் கோப்பையும் சேர்த்தே வெளியிடுங்கள். படமாக மட்டும் போட்ட மரத்தை யாராலும் மறுபடி சோதிக்க முடியாது.